சிக்கனம் என்று ஒரு தண்டச் செலவு

“ரீசார்ஜ் பேட்டரியா? அதெல்லாம் வசதியானவங்க சமாசாரம். இருபது ரூபாய்க்குக் கட்டை வாங்கிப் போட்டா முடிஞ்சுது.” இப்படிச் சொல்பவர்கள் தங்களைச் சிக்கனக்காரர்கள் என்று நம்புகிறார்கள். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அது சரிதான். அங்கே ஒரு கட்டை மாதக்கணக்கில் உழைக்கும். பிள்ளையின் ரிமோட் காருக்கும் அதே கணக்கைப் போடுவதுதான் அபத்தம்.

மோட்டார் ஓடும் பொருளில் துத்தநாகக் கட்டை தாக்குப்பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டுவதற்குள் கார் ஊர ஆரம்பிக்கும். கட்டையைக் கழற்றி வெயிலில் வைப்போம், கடித்தும் பார்ப்போம். (இந்த வைத்தியம் தெரியாத வீடு உண்டா?) மறுநாள் புது ஜோடி.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டையில் 1.2 வோல்ட்தானே என்பார்கள். 1.5 என்று அச்சடித்த கட்டை, கார் ஓட ஓட அதற்கும் கீழே இறங்கிவிடும். ரீசார்ஜ் கட்டையோ தீரும் தறுவாய்வரை ஏறக்குறைய 1.2-இலேயே நிற்கும். “சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கிடும்” என்பது பழங்காலப் புகார். 2005-இல் சான்யோ கம்பெனி, சார்ஜ் எளிதில் இறங்காத எனலூப் என்ற ரீசார்ஜ் கட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதைப்போல ஓராண்டு கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் மிஞ்சும் கட்டைகள் இப்போது பல கம்பெனிகளிடம் கிடைக்கின்றன. கரண்ட் செலவா? சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டில் நூறு கட்டைக்கு மேல் ஏற்றலாம். முதலில் சார்ஜருக்குக் கொடுக்கும் காசுதான் கண்ணை உறுத்துகிறது. தவணை தவணையாகப் பெட்டிக்கடையில் கொடுத்தது யார் கணக்கிலும் வருவதில்லை.

செத்த கட்டையின் கணக்கும் அப்படித்தான். இன்வெர்ட்டர் பேட்டரியை யாரும் குப்பையில் போடுவதில்லை. உள்ளே ஈயம் இருக்கிறது. பழசைக் கொடுத்தால் கடைக்காரர் விலையில் கழிப்பார். சின்னக் கட்டைக்குக் காயலான் கடையிலும் மதிப்பில்லை, காய்கறித் தோலோடு போய்விடுகிறது. இந்திய அரசின் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் சின்னக் கட்டையையும் விடவில்லை. தனியே பிரித்துக் கொடுக்க வேண்டியது நாம்; சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. சரி, கட்டை விற்கும் தெருமுனைக் கடையில் பழசைப் போட ஒரு டப்பா இருக்கிறதா? ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று பழி போடுவதற்குமுன் கம்பெனிகள் இதற்குப் பதில் சொல்லட்டும். பழைய கட்டைக்கு இரண்டு ரூபாய் கழித்தால் பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

அதுவரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, தூய்மைப் பணியாளரிடம் அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். லித்தியம் பொத்தான் பேட்டரி என்றால் இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும்.