இஞ்சரா தோசை அன்று

இஞ்சராவுக்குத் தமிழில் ஒரு பெயர் மெல்ல நிலைபெற்று வருகிறது: ‘எத்தியோப்பியத் தோசை’. வட்டமாக இருக்கிறது, புளித்த மாவில் வார்க்கப்படுகிறது, மேற்பரப்பில் துளைகள் தெரிகின்றன, ஆகவே தோசை. உணவுக் காணொளிகள் இந்தப் பெயரோடு நிற்பதில்லை. எத்தியோப்பிய உணவகத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘சின்னக் கடை’, ‘மலிவான விலை’ என்ற இரண்டு சான்றிதழ்களையும் சேர்த்தே வழங்கிவிடுகின்றன. சொல்வோர் பாராட்டுவதாகவே நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சொற்கள் செய்யும் வேலை வேறு.

முதலில் பொருளைப் பார்க்கலாம். தெஃப் என்னும் தானியம் மிக நுண்ணியது. ஒரு கிராமில் ஏறத்தாழ மூவாயிரம் மணிகள் அடங்கும். கைதவறி விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்பதால்தான் ‘தொலைந்தது’ என்று பொருள்படும் அம்ஹாரிக் சொல்லோடு அதன் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது என்பாருண்டு. அதன் மாவை, முந்தைய மாவின் மேல் தெளிந்து நின்ற ‘எர்ஷோ’ என்ற புளித்த நீரைச் சேர்த்துக் கரைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்க வைக்கிறார்கள். ‘மிதாத்’ என்ற அகன்ற வட்டக்கல்லில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சுழற்றி ஊற்றி மூடிவிடுகிறார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேலே எழும் துளைகளுக்கு ‘கண்கள்’ என்று பெயர். கண் நிறைந்த இஞ்சராவே நல்ல இஞ்சரா.

இதுவரை கேட்டவர் “அப்படியானால் தோசைதானே, அல்லது ஆப்பம்” என்று சொல்லக்கூடும். உருவத்தால் அது உண்மை. ஆனால் ஒரு சொல்லின் பொருள், அது சுட்டும் பண்டத்தின் வடிவத்தில் மட்டும் அடங்குவதில்லை. அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது, எந்த இடத்தை நிரப்புகிறது என்பதிலும் இருக்கிறது. மொழியியலின் முதலாண்டுப் பாடம் இது. எத்தியோப்பியப் பந்தியில் இஞ்சராதான் தட்டு, இஞ்சராதான் கரண்டி, இஞ்சராதான் உணவு. ‘வொத்’ எனப்படும் குழம்புகள் அதன்மேல் ஊற்றப்படுகின்றன. அடியில் ஊறிக் கிடக்கும் கடைசித் துண்டையும் சுற்றி அமர்ந்தவர்கள் பிய்த்து உண்டுவிடுகிறார்கள். தோசையோ பலகாரம். அது இல்லாவிட்டால் இட்லி, அதுவும் இல்லாவிட்டால் உப்புமா. இஞ்சராவுக்கு அத்தகைய மாற்று கிடையாது. அம்ஹாரிக் மொழியில் பிழைப்புக்குப் பெயரே இஞ்சராதான். மாற்றாந்தாய்க்கு ‘யெஞ்சரா எனாத்’ என்று பெயர்; இஞ்சராவால் அமைந்த தாய், அதாவது பெறாமல் உணவிட்டு வளர்த்தவள். தமிழில் இந்த இடத்தில் நிற்கும் சொல் எது? தோசைத் தாய் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ‘சோறு போட்டவர்’, ‘சோற்றுக்கு வழி’ என்றெல்லாம் சொல்கிற, வலக்கையையே ‘சோற்றுக்கை’ என்று அழைக்கிற மொழி இது. மொழிபெயர்த்தே தீரவேண்டும் என்றால் ‘எத்தியோப்பியச் சோறு’ என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஒருவரும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் அதன் வடிவத்தைப் பார்த்தார்கள், உண்பவரிடம் கேட்கவில்லை.

தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு சொல்வதில் என்ன குற்றம் என்று ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு, தமிழே அதற்குச் சான்று தரும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்கு மிளகின் நினைவால்தான் ‘மிளகாய்’ என்று பெயர் வந்தது. ஆனால் அந்தப் பெயர் வந்த பொருளைக் குடியேற்றியது. இன்று மிளகாய் என்று சொல்லும் எவரும் மிளகை நினைப்பதில்லை. ‘எத்தியோப்பியத் தோசை’ அப்படிப்பட்ட சொல் அன்று. அதில் தலைச்சொல் தோசை. எத்தியோப்பியா வெறும் அடைமொழி. மூலம் இங்கே இருக்கிறது, நகல் அங்கே இருக்கிறது என்பதே அந்தத் தொடரின் இலக்கணம்.

இதே இலக்கணத்தைத் தமிழர்கள் எல்லோரிடமும் காட்டுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பீட்சாவை ‘இத்தாலிய ஊத்தப்பம்’ என்று எந்த உணவகப் பட்டியலும் எழுதவில்லை. பாஸ்தா பாஸ்தாவாகவே வந்தது. சுஷி சுஷியாகவே வந்தது. உச்சரிக்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். மறுபுறம், ஊத்தப்பத்தை வெளிநாட்டார் ‘இந்தியப் பீட்சா’ என்று எழுதினால் முகம் சுளிக்கிறார்கள். 2020 அக்டோபரில் பிரிட்டிஷ் வரலாற்று விரிவுரையாளர் ஒருவர் இட்லியைச் சலிப்பூட்டும் உணவு என்று டுவிட்டரில் எழுதியபோது எழுந்த கொதிப்பு இன்னும் பலருக்கு நினைவிருக்கும். உயர்ந்தவர் என்று கருதப்படுபவரின் உணவு தன் பெயரோடு வருகிறது. தாழ்ந்தவர் என்று கருதப்படுபவரின் உணவுக்குப் பெயர் சூட்டப்படுகிறது.

இந்த வாதத்தை மைசூரில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். தமிழ்ப் புலமையுலகுக்கு மைசூர் என்றதும் இரண்டு நினைவுகள் வரும். ஒன்று, 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். மற்றொன்று, அங்கே தேங்கிக் கிடந்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள். அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. தன் மொழிக்கும் எழுத்துக்கும் உரிய மதிப்புக் கேட்டு இவ்வளவு தூரம் வழக்காடிய சமூகம், அதே ஊரின் மானசகங்கோத்ரி வளாகத்தில் முனைவர் பட்டத்துக்கு வந்து படிக்கும் எத்தியோப்பியரைப் பற்றி அறிந்துகொண்டது என்ன?

அவர்களுடைய எழுத்திலிருந்தே தொடங்கலாம். கிஎஸ், அம்ஹாரிக் மொழிகளுக்குரிய ‘ஃபிதெல்’ எழுத்தில் ஒவ்வொரு மெய்யும் உயிருக்கேற்ப ஏழு வடிவம் கொள்கிறது. க, கி, கு என்று உயிர்மெய் வரிசை படித்த எவருக்கும் அதன் அமைப்பு அரை மணி நேரத்தில் விளங்கும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில், அக்ஸூம் மன்னன் எசானா காலத்திலேயே உயிர்க்குறிகளோடு கல்லில் பொறிக்கப்பட்ட எழுத்து அது. 1990இல் பீட்டர் டேனியல்ஸ் என்னும் அறிஞர் உலக எழுத்து முறைகளை வகைப்படுத்தியபோது, இந்த வகைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. எத்தியோப்பிய மரபில் எழுத்துவரிசையைக் குறிக்கும் ‘அபுகிடா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். தேவநாகரியும் கன்னடமும் தமிழும் இன்று உலகெங்கும் மொழியியல் பாடநூல்களில் ‘அபுகிடா’ என்றே குறிக்கப்படுகின்றன. புள்ளியிட்டு மெய்யைத் தனித்தெழுதும் தமிழுக்கு அது முழுதும் பொருந்துமா என்பது வேறு விவாதம்; சுவையான விவாதமும்கூட. எத்தியோப்பியரின் உணவுக்குத் தமிழர் தம் பலகாரத்தின் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கையில், தமிழரின் எழுத்துக்கு எத்தியோப்பியப் பெயர் முன்பே வந்துவிட்டது என்பதுதான் இங்கே செய்தி.

எழுத்தை விட்டு அடுக்களைக்கு வந்தாலும் கணக்கு அப்படியே இருக்கிறது. பழைய மைசூர்ப் பகுதியின் அடையாளமே ராகி முத்தே. தமிழகத்தில் அதுவே கேழ்வரகுக் களி. அந்தக் கேழ்வரகு முதலில் பயிரானது எத்தியோப்பியா முதல் உகாண்டா வரையிலான கிழக்காப்பிரிக்க மேட்டுநிலத்தில். அங்கே அதற்கு ‘தகுசா’ என்று பெயர். தகுசாவிலும் இஞ்சரா வார்க்கிறார்கள். காப்பியோ இன்னும் வெளிப்படை. அரபிகா காப்பிச் செடியின் தாயகம் தென்மேற்கு எத்தியோப்பியக் காடுகள். 17ஆம் நூற்றாண்டில் பாபா புடன் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. காலையில் வடிகாப்பி, மதியம் ராகி முத்தே என்று நாளைக் கழிக்கும் நகரம், எத்தியோப்பிய உணவை ‘அயல் உணவு’ என்று எழுதுகிறது.

பஞ்சம் என்ற சொல்லையும் தவிர்க்க முடியாது. 1983 முதல் 1985 வரை எத்தியோப்பியாவைத் தாக்கிய பஞ்சத்தின் படங்கள் உலகெங்கும் சென்றன; அதன்பின் அந்த நாட்டுக்குச் சமையல் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே பலருக்கு நகைச்சுவையாகிவிட்டது. 1989இல் வெளியான ‘வென் ஹாரி மெட் சாலி’ என்ற அமெரிக்கப் படத்தில், எத்தியோப்பிய உணவகத்தில் காலித் தட்டுகளைத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்ற பொருளில் ஒரு கேலி வருகிறது. அமெரிக்கரைக் குறைசொல்லி என்ன பயன்? மெலிந்த பிள்ளையைச் ‘சோமாலியா’ என்று அழைத்துச் சிரிக்கும் வழக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடங்களிலும் திரைப்படங்களிலும் இல்லையா? 1876 முதல் 1878 வரை நீண்ட தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் இலட்சக்கணக்கான மக்களைப் பறிகொடுத்தன. அன்று ஹூப்பர் என்ற ஆங்கிலப் படை அதிகாரி எடுத்த எலும்புக்கூடு உருவங்களின் ஒளிப்படங்கள் ஐரோப்பாவில் பார்க்கப்பட்டன. அந்தப் படங்களில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும்தான் இன்று சோமாலியா ஒரு வசைச்சொல்.

இனி ‘மலிவு’. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உணவாய்வுப் பேராசிரியர் கிருஷ்ணேந்து ரே 2016இல் வெளியிட்ட ‘தி எத்னிக் ரெஸ்டரேட்டர்’ என்ற நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஓர் உணவுக்கு மக்கள் எவ்வளவு பணம் தரத் தயாராக இருக்கிறார்கள் என்பது, அதைச் சமைக்கும் இனத்தாருக்குச் சமூகத்தில் உள்ள மதிப்பைப் பின்தொடர்கிறது என்பது அவர் வாதம். பிரெஞ்சு உணவு விலை உயர்ந்தது. ஜப்பானிய உணவும், ஜப்பான் பணக்கார நாடான பிறகு, மேலே ஏறியது. இந்திய உணவு கீழேயே நின்றது. இதைப் படித்துக் கோபப்படும் இந்தியர் ஒருவர் ஆப்பிரிக்கச் சமையலுக்கு என்ன விலை தருவார் என்று தம்மையே கேட்டுக்கொள்ளலாம். ‘தோரோ வொத்’ என்ற கோழிக் குழம்புக்கு நறுக்கிய வெங்காயத்தை முதலில் எண்ணெயின்றி, தீயைக் குறைத்து, நெடுநேரம் வதக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு புளிக்க மூன்று நாள். இந்த உழைப்பின் விலை எங்கே சேர்கிறது? சிறிய புலம்பெயர் உணவகங்களில் பெரும்பாலும் எங்கேயும் சேர்வதில்லை. குடும்பத்தார் கூலியின்றி உழைக்கிறார்கள். அந்தக் கூலிதான் வாடிக்கையாளருக்கு மலிவாகக் கிடைக்கிறது. 1974 புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறியோர் வாஷிங்டனின் ஆடம்ஸ் மார்கன் பகுதியில் நடத்திய கடைகளின் கதையும், பாரிஸின் லா ஷப்பேலில் ஈழத்தமிழர் நடத்தும் கடைகளின் கதையும் இந்த இடத்தில் ஒன்றே. அங்கே கொத்துரொட்டியை ‘மலிவு’ என்று மெச்சுவோர் முகத்தில், இரவு பன்னிரண்டு மணிக்குக் கல்லைத் தேய்க்கும் கை தெரிவதில்லை.

இவை சொல்லாராய்ச்சி மட்டும் அல்ல. 2016 தொடக்கத்தில் பெங்களூரில், வேறொருவர் ஏற்படுத்திய விபத்துக்காகத் தான்சானிய மாணவி ஒருவரைக் கும்பல் தாக்கியது. விபத்தோடு அவருக்குத் தொடர்பே இல்லை. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில், ஓர் இளைஞரின் மரணத்தையொட்டி நைஜீரிய மாணவர்கள்மேல் நரமாமிசப் பழி கிளப்பப்பட்டது. அடுத்து வந்த நாள்களில் ஆப்பிரிக்கர் என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அடிக்கப்பட்டார்கள். உண்பதை வைத்துக் கிளம்பிய பழி அது. அந்நியரின் தட்டில் இருப்பதைக் கேட்டறியாத ஊரில், எதைச் சொன்னாலும் நம்ப ஆள் இருக்கும். வாடகை வீடு கேட்டு வரும் ஆப்பிரிக்க மாணவரிடம் ‘சமையல் வாடை’ என்று சொல்லிக் கதவைச் சாத்துவோர் இந்திய நகரங்களில் குறைவில்லை. இதற்கு எதிர்ப்புறமாக ஒரு வரலாறும் உண்டு. 1950களிலும் 60களிலும் எத்தியோப்பியப் பள்ளிகளில் பாடம் நடத்தியோரில் இந்திய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். கேரளத்தாரும் தமிழரும் அவர்களுள் அடக்கம். அவர்களை அங்கே இஞ்சராவைச் சுற்றி அமர வைத்தார்கள். முதல் கவளத்தைத் தம் கையால் உருட்டி விருந்தினர் வாயில் ஊட்டும் ‘குர்ஷா’ என்ற வழக்கத்தை அறியாமல் அவர்களில் எவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

மைசூரில் சரஸ்வதிபுரத்திலோ குவெம்புநகரிலோ நாளை எட்டு நாற்காலியோடு ஓர் எத்தியோப்பிய உணவகம் திறந்தால், காணொளிக்காரர்கள் முதலில் கேட்கப்போவது ‘சைவம் கிடைக்குமா’ என்பதாகத்தான் இருக்கும். எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையினர் புதன், வெள்ளி இரு நாளும் இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடுவதில்லை. நெடிய நோன்புகளையும் கூட்டினால் ஆண்டில் பாதி நாள் அப்படியே கழியும். அந்நாள்களில் பருப்பு வொத், கடலைமாவில் செய்த ஷிரோ, கீரை, கோசு எல்லாம் ஒரே இஞ்சராமேல் சிறு சிறு குவியல்களாக வரும். ‘பெயாய்நெத்து’ என்று கேட்டு வாங்க வேண்டும். தெஃப் கிடைக்காத ஊர்களில் கிடைத்த மாவைக் கொண்டு சமாளிப்பது எத்தியோப்பியருக்குப் பழக்கம்தான். அந்தக் கடையில் தகுசா இஞ்சரா கிடைத்தால், அதற்கான ராகி பெரும்பாலும் மண்டியாவிலிருந்தோ ஹுன்சூரிலிருந்தோ வந்ததாக இருக்கும்.