சும்மா இருக்கிறாளாம்!

தோழனே!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், மல்லாட்டைப் பருவத்தில் கீழ்பென்னாத்தூரைக் கடந்து பார். பிடுங்கிய செடியைக் குவித்து, சுற்றி அமர்ந்து காய் ஆய்வோர் யார்? பெண்கள். களை வெட்டியோர் யார்? பெண்கள். விதைக்காகக் காய் உடைத்தோரும் அவர்களே. நெல் வயலில் நாற்று நட்டோரும் அவர்களே. ஆயினும் அந்த வீட்டு வாயிலில் நின்று, "உம் மனைவிக்கு என்ன வேலை?" என்று கேட்டுப் பார். "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று கூசாமல் விடை வரும்.

சும்மாவாம்! எத்துணைப் பெரிய பொய், எத்துணைச் சிறிய சொல்லில்!

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டுச் சீமையின் மணிலாக்கொட்டை, புதுச்சேரித் துறையில் கப்பலேறி, பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. மூட்டைக்குக் கணக்கு இருந்தது. ஆய்ந்த விரல்களுக்குக் கணக்கு எழுதியவன் எவன்?

கூலியின் கதையைக் கேள். சமவேலைக்குச் சமஊதியம் என்ற உலகத் தொழிலாளர் அமைப்பின் 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. அதற்கெனச் சட்டம் நிறைவேறியதோ 1976-இல்! அந்தச் சட்டமும் என்ன சொல்லிற்று? ஒரே வேலைக்கு, அல்லது அதை ஒத்த வேலைக்குச் சமஊதியமாம். ஏர் ஆணுக்கு, நடவும் களையும் பெண்ணுக்கு என்று வேலையையே பிரித்துவைத்திருக்கும் ஊரில் ஒத்த வேலை எங்கே இருக்கிறது? சட்டத்தை மீறாமலே பெண்ணின் கூலியைக் குறைக்கலாம். பின்னர் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நூறு நாள் வேலை வந்தது. அங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழகத்தில் அந்த வேலைக்குச் சென்றோரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கு மேல் பெண்கள். "களைக்கு ஆள் வருவதில்லை, சோம்பல் பெருகிவிட்டது" என்று புலம்பிய மிராசுதாரர்கள், தாங்கள் கொடுத்த கூலி எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை!

வயலைவிட்டு வீட்டுக்கு வா. 2024-ஆம் ஆண்டு அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிடம். அந்த ஆணும் எல்லா வீட்டிலும் இல்லை! 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ, இந்தப் பெண்களைப் பிச்சைக்காரரோடும் சிறைக்கைதிகளோடும் சேர்த்து 'வேலை செய்யாதோர்' வரிசையில் வைத்தது. உச்சநீதிமன்றமே 2010-இல் அதைக் கண்டித்தது.

"தாயன்புக்கு விலை பேசுவதா?" என்று பதறுவர் பண்பாட்டுக் காவலர். அன்புக்கு விலை கேட்கவில்லை ஐயா, அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் கணக்குக் கேட்கிறோம்! 2023 செப்டம்பரில் தமிழக அரசு மாதம் 1,000 ரூபாயை 'உரிமைத் தொகை' என்று வழங்கத் தொடங்கியபோது, 'இலவசம்' என எள்ளியவர்களும் இவர்களே. வாங்கியவள் உழைக்காதவளா?

இனி உன் பங்குக்கு வருகிறேன். குடும்ப நிலத்தில் கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்று 1991 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கேள்வியிலேயே இருக்கிறது. இருந்தும் விடை சொல்பவன் ஆண். அவன் வாயில் 'சும்மா'. 2027-க்கென அறிவிக்கப்பட்ட கணக்கெடுப்புக்கு ஆள் வருமுன் தெருத்தெருவாகச் செல். களத்துமேட்டிலேயே பெண்களைக் கூட்டு. கேள்விக்குத் தாங்களே விடை சொல்லும்படியும், காய் ஆய்ந்த நாளையும் களை எடுத்த நாளையும் விடாமல் எழுதவைக்கும்படியும் எடுத்துச் சொல். முதலில் உன் வீட்டில் சொல்.