ஆவி கக்கிய அன்னம்

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. வழியில் நடப்போரை நோக்கி நீராவி கக்கிய அன்னம் ஒன்றும் உண்டு. நாம் கல்வி தேடி வந்திருக்கும் இந்தக் கல்கத்தாவின் வீதிகளிலேதான் அது உலவிற்று.

பறவை அன்று; மோட்டார் கார். இங்கு வாழ்ந்த மாத்யூசன் என்னும் வெள்ளைக்காரச் செல்வருக்காக, இங்கிலாந்தின் லோஸ்டாஃப்ட் நகரிலிருந்த புரூக் நிறுவனம் 1910இல் அதைக் கட்டியது. கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டுகிறார்களே, அந்த வகைத் தொழில்தான். அடிச்சட்டமும் இயந்திரமும் கீழே. விரும்பிய கூண்டு மேலே. இவர் விரும்பியது அன்னம்!

முன்புறம் நிமிர்ந்த கழுத்து, கண்களில் மின்விளக்கு, பின்புறம் பொன் ரேக்கில் தாமரை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோடு அலகை இணைத்திருந்தார்கள். ஓட்டுநர் நினைத்தால் அலகு திறக்கும், ஆவி சீறும், கூட்டம் விலகும். புகைக்காற்றால் ஒலிக்கும் எட்டுக் குழல் ஊதுகொம்பு ஒன்று. அதை வாசிக்க விசைக்கட்டைகள். சக்கரத்தில் ஒட்டும் யானைச் சாணத்தைத் துடைக்கத் தூரிகைகள். உயிர்ப்பறவை போலவே தோன்ற வேண்டும் என்று, பின்னாலிருந்து சுண்ணாம்புக் குழம்பு கொட்டவும் ஒரு வழி! வீதியில் கலவரம் மூண்டது. காவல்துறை தலையிட்டுத் தடுத்தது.

பின்னர் பஞ்சாபின் நாபா மன்னர் அதை வாங்கினார். துணையாக மின்கலத்தில் ஓடும் அன்னக்குஞ்சு ஒன்றையும் செய்வித்தார். இன்று தாயும் குஞ்சும் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தாய் அன்னம் பழுது நீக்கப்பட்டுப் புதுப்பொலிவுடன் நிற்கிறது.

“ஆணவத்தின் சின்னத்துக்குப் புத்துயிர் ஏன்?” என்பார் சிலர். “எத்துணை வேலைப்பாடு! அதைப் போற்றாமல் குறை காண்பதா?” என்பார் வேறு சிலர். இருவரும் பாதியையே பார்க்கிறார்கள் என்பேன். வேலைப்பாடும் உண்மை, ஆணவமும் உண்மை. பொன் தாமரையைத் துலக்கிவிட்டு, ஆவிக் குழாயையும் சுண்ணாம்பு வழியையும் அகற்றியிருந்தால், அழகிய பொம்மை மிஞ்சியிருக்கும், வரலாறு மறைந்திருக்கும். பழையதைப் புதுப்பிப்பவர் அதன் அழகைப் போலவே அதன் அழுக்கையும் காக்கக் கடமைப்பட்டவர்.

நண்பர்களே, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் காரைப் பற்றி முதன்முதல் படித்தபோது, “வீணாகும் வெப்பத்தை எவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்திவிட்டார்கள்!” என்று அறிவியல் மாணவனாகிய நான் துள்ளினேன். அந்த ஆவிக்கு எதிரே நின்ற மனிதனின் நினைவு எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் வந்தது. சுமைகூலியோ, தயிர்க்காரியோ, பள்ளிப் பிள்ளையோ, யாரோ ஒருவர் அங்கே நின்றிருப்பார் அன்றோ? அந்தச் “சற்று நேரம்”தான் இன்னும் என்னை உறுத்துகிறது.

நாளை நாமும் எதையாவது கட்டப் போகிறோம். பணம் கொடுப்பவர் உருவத்தைச் சொல்வார். நம் கைத்திறன் அதைச் செய்து முடிக்கும். குழாயை வளைக்கும் முன்பே அதன் வாய் யாரை நோக்கித் திறக்கும் என்று கேட்டுப் பழகுவோம். திறமையையும் திமிரையும் பிரித்தறிய அன்னம் வராது; நாம்தான் பிரிக்க வேண்டும்.