விலையை அல்ல, உதிரிபாகத்தைப் பாருங்கள்
மழை பெய்ததும் வாடகை டிராக்டர் முதலில் ஊரார் வயலுக்குப் போகிறது. காலனி மக்களின் நிலத்துக்கு வரும்போது ஈரம் காய்ந்துவிடுகிறது. இந்த நிலை மாற, நம் மக்கள் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து பழைய டிராக்டர் வாங்குவதை வரவேற்கிறோம். ஆனால், விலை மலிவு என்று மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. எச்.எம்.டி. டிராக்டர் ஆலையை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். மாசி பெர்குசன் 1035, மகிந்திரா 575 போல நெடுநாள் விற்பனையில் உள்ள வண்டிகளுக்குப் பாகங்கள் கிடைப்பது எளிது. பழுது பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் அதிகம். கிளட்ச் பிளேட், ஹைட்ராலிக் பம்ப் விலையைக் கடையில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உழவு நாளில் வண்டி படுத்துவிட்டால், மறுபடியும் அதே வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.