சிப்பாய்க்குச் செலவு குறைவு

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்துவிட்டது. ஆனால் அதை மறுபடி நடத்திப் பார்க்க இன்றும் ஆள் சேருகிறது. 1863 ஜூலையில் மூன்று நாள் சண்டை நடந்த பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் பக்கம் கோடையில் போனால், கம்பளிச் சீருடையில் வேர்த்து வழிய ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு விழுவார்கள். பிறகு எழுந்து போய் காபி குடிப்பார்கள். நான் வேடிக்கை பார்க்கிற கட்சி. எனக்குச் சண்டையைவிட, பக்கத்தில் அவர்கள் போடும் முகாம்தான் பிடிக்கும். சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். குழந்தைகள் கிட்டே போய்க் கேள்வி கேட்பது முகாமில்தான்.

புதிதாகச் சேர நினைப்பவரை முதலில் மிரட்டுவது விலை. மாதிரித் துப்பாக்கி ஒன்றே ஆயிரம் டாலரைத் தாண்டும். போதாததற்கு, முகாம் ஓரத்தில் கடை விரித்திருக்கும் வியாபாரிகள் வேறு. அந்தக் காலத்திலும் இப்படிப் படைக்குப் பின்னாலேயே போய் விற்றவர்கள் உண்டு. சட்லர் என்று பெயர். பித்தளை விளக்கு, மடக்கு மேசை, கட்டில் என்று கண்ணைப் பறிக்கும் சாமான்கள். வாங்கவே வேண்டாம் என்பேன். கட்டிலும் மேசையும் அதிகாரிக்கு. அவற்றைச் சுமக்க வண்டி இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்குத் தன் முதுகு தாங்கியதுதான் சொத்து. கூடாரம்கூட அவனிடம் பாதிதான். ஆளுக்கொரு துண்டுத் துணி; இருவர் சேர்ந்து பொத்தான் போட்டு இணைத்தால் ஒரு கூடாரம். முட்டுக் கொடுக்க வெட்டிய குச்சி. இல்லையென்றால் முனைக் கத்தியான பயனெட்டை மண்ணில் குத்தித் தலைகீழாக நிறுத்திய துப்பாக்கி. நாய்க் கூடாரம் என்று அவர்களே கேலி செய்தார்கள். கையில் காசில்லாதவர் ஜெனரல் வேஷத்துக்கு ஆசைப்படாமல் சிப்பாய் வேஷம் கட்டினால், இல்லாமையே பொருத்தமாகிவிடும்.

கூடாரத் துணிக்கு ஒரு வழி இருக்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கும் கெட்டிப் பருத்தித் துணி ஹார்டுவேர் கடைகளில் மலிவு. முதலில் நனைத்துச் சுருங்கவிட்டு அப்புறம் வெட்ட வேண்டும். நெருக்கமாக நெய்த துணி என்றால் மழையில் நூல் ஊதி இடைவெளி அடைபடும். உள்ளிருந்து விரல் பட்டால் அந்த இடத்தில் ஒழுகும். தீத்தடுப்புப் பூச்சு இல்லாத துணி என்பதால் அடுப்பைத் தள்ளியே வையுங்கள். நீல நிறத் தார்ப்பாய் மட்டும் கூடாது. ஒரு மைல் தூரத்திலிருந்தே பல்லைக் காட்டும்.

அடுத்த தலைவலி ஐஸ் பெட்டி. ஜூலை வெயிலில் அது இல்லாமல் முடியாது; கண்ணில் படவும் கூடாது. ஹார்ட்டாக் என்ற கல் போன்ற ரொட்டி, படைக்கு 50 பவுண்டு மரப்பெட்டிகளில் வந்தது. காலியான பெட்டிதான் சிப்பாய்க்கு நாற்காலியும் மேசையும். பைன் பலகையில் அப்படியொன்று அடித்து, எழுத்துத் தகடு வைத்து மசி தடவி, ஐஸ் பெட்டியை உள்ளே இறக்கிவிடலாம். ஆனால் ஆணி அடியுங்கள். ஸ்குரூ முடுக்கினால் தலை தெரியாமல் முடுக்குங்கள். ஸ்டார் ஸ்குரூ 1930-களில் வந்தது. பலகை எவ்வளவு பழசாக இருந்தாலும், அந்தக் கூட்டல் குறி ஒன்று போதும், குட்டு வெளிப்பட. பெட்டியைப் பார்க்க உட்காருகிற ஆளின் கண் நேராக அங்கேதான் போகிறது.

பாத்திரத்துக்கும் சிப்பாயே வழி காட்டியிருக்கிறான். பழம் வந்த தகர டப்பாவில் இரண்டு துளை போட்டுக் கம்பி மாட்டி, அதிலேயே காபி கொதிக்க வைத்தான். இன்றைய டின்களின் உள்ளே பூச்சு இருப்பதால் அழகுக்குத் தொங்கவிடலாம், கொதிக்க வைக்காதீர்கள். பக்கவாட்டில் வரிவரியாக மடிப்பில்லாத டின்னாகத் தேடுங்கள்.

எதை எங்கே வைப்பது என்பதற்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் அந்தக் காலப் புகைப்படங்கள் இலவசம். போர்வீரர் ஜான் பில்லிங்ஸ் 1887-இல் வெளியிட்ட முகாம் வாழ்க்கை நூலும் அப்படியே, படங்களும் உண்டு. புகைப்படத்தையும் முழுசாக நம்பிவிடக் கூடாது என்பது வேறு கதை. அலெக்சாண்டர் கார்ட்னர் குழு கெட்டிஸ்பர்க்கில் ஒரு வீரனின் சடலத்தை நகர்த்தி வைத்துப் படமெடுத்ததை 1975-இல் வில்லியம் ஃப்ரஸனிட்டோ ஆராய்ந்து காட்டினார். ஜோடனை அன்றே தொடங்கிவிட்டது!

கைக்கடிகாரத்தைக் கழற்றுவதற்கும், தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் போடுவதற்கும் செலவே இல்லை. தீயணைப்பானைக் கோணிக்குள் மறைக்கலாம், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மருந்து மாத்திரையிலும் குடிநீரிலும் 1863 வேண்டாம்.

சேர நினைப்பவர்களுக்கு ஒன்று: முதல் வருஷம் எதையும் வாங்காதீர்கள். புதியவருக்கு இரவல் கொடுக்கவென்றே பல குழுக்களில் சீருடையும் துப்பாக்கியும் இருக்கின்றன. வெட்கப்படாமல் கேளுங்கள்.