அச்சமற்ற வழி

மக்கள் கூடி வாழ்தற்கு இன்றியமையாதன பலவற்றுள் வழியும் ஒன்றாகும். அவ்வழி யாவர்க்கு உரியது என்னும் வினா எளியது போலத் தோன்றினும், இக்காலத்து விடை பகர்தற்கு அரியதாயிற்று. விரைந்து செல்வார்க்கே சாலை என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றி வருகின்றது. சென்ற ஆவணித் திங்களில் எம் தோழர் ஒருவர், பின்னே வந்த பேருந்துக்கு அஞ்சி ஒதுங்கி, மிதிவண்டியோடு வாய்க்காலில் வீழ்ந்து கையொடிந்தார். "சாலையில் மிதிவண்டி எதற்கு?" என்றே கண்டோர் வினவினர். இவ்வினாவிற்கு விடையாக, இங்கிலாந்து தேசத்துள்ள ஒரு வழியினைப் பற்றி யாம் கற்றறிந்ததை ஈண்டு எடுத்துரைப்போம்.

அந்நாட்டின் கெண்ட் பகுதியில், கண்டர்பரி நகரினின்று விட்ஸ்டபிள் என்னும் கடற்றுறைக்கு 1830-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் நாள் ஓர் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. நீராவி வண்டியால் மக்களை ஏற்றிச் சென்ற உலகின் முதற்பாதைகளுள் அஃது ஒன்று. செங்குத்தான மேடுகளில் எஞ்சின் ஏறமாட்டாமையின், ஆங்கு நிலையாக நிறுத்திய நீராவிப் பொறிகள் வண்டிகளைக் கயிற்றால் இழுத்தன. விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பெயர்பெற்ற ஊர். ஆதலின் அப்பாதையை 'நண்டு நத்தைப் பாதை' என மக்கள் நகையாக அழைத்தனர். 1931-இல் மக்கள் வண்டி நின்றது. 1952-இல் சரக்கு வண்டியும் நின்றது. மறு ஆண்டு கடல் பொங்கிக் கரையோர இருப்புப்பாதையைச் சிதைத்தபோது, சில கிழமை மீண்டும் உதவிப் பின்னர் ஓய்ந்தது.

ஓய்ந்த பாதை முள்ளடர்ந்து அழிந்தொழிய அவ்வூரார் விட்டிலர். அறக்கட்டளை ஒன்று நிறுவி முயன்றனர்; 1999-இல் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் உரிய வழி உருவாயிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். பழம்பாதை முழுதும் அவர்க்குக் கிட்டவில்லை. குன்றினைக் குடைந்த சுரங்கத்தின் ஒரு பகுதி 1974-இல் இடிந்து வீழ்ந்தது. ஆகவே புதுவழி குன்றின்மேலேறி, வயல்களையும் பிளீன் காட்டினையும் கடந்து செல்கின்றது. காட்டினிடையே, பண்டு நீராவிப் பொறிக்கு நீரளித்த குளம் இன்று வழிச்செல்வோர் இளைப்பாறும் இடமாயுள்ளது. அதற்கப்பால் வழி மெல்லத் தாழ்ந்து கடலை அணுகும். நகர்ப்புறத்துச் சிற்சில தெருக்களை ஒழித்தால், பெரும்பகுதியும் மோட்டார் வண்டி நுழையாத வழி. சிறுவரும் முதியோரும் அச்சமின்றிச் செல்லலாம்.

இதனால் யாம் அறிவது யாது? ஒரு வழியின் சிறப்பு அதிற் செல்வாரது விரைவால் அளக்கப்படுவதன்று. அதிற் செல்லும் எளியோரது அச்சமின்மையால் அளக்கப்படுவதே. 'சிலர் பொருட்டுத் தனிவழி சமைத்தல் வீண் செலவன்றோ?' என்பாருளர். தமிழ்நாட்டு மேனிலைப்பள்ளி மாணவர்க்கு அரசினர் விலையின்றி மிதிவண்டி வழங்கி வருகின்றனர். வண்டியை ஈந்து, அஞ்சாது அதனைச் செலுத்த வழியை ஈயாமை, ஏட்டை ஈந்து எழுதுகோலை மறைத்தலை ஒக்கும். அம்மாணவர் சிலரல்லர், பல்லாயிரவர்.

நம் ஊர்களில் கைவிடப்பட்ட இருப்புப்பாதை இல்லாதிருக்கலாம். ஆயினும் ஏரிக்கரைகளும் கால்வாய்க்கரைகளும் உள. முழுவழியும் ஒருங்கே கிட்டும்வரை காத்திராது, கிட்டியதைக் கொண்டு தொடங்கிய கண்டர்பரி மக்களின் துணிவே நமக்கு வேண்டுவது. நகராட்சி மன்றங்களில் அமர்ந்துள்ள எம் கல்லூரிப் பழைய மாணவர் இதனைச் சிந்திப்பாராக. எம் தோழரது கை தேறிவிட்டது. அவர் செல்லும் சாலை இன்னும் தேறவில்லை.