தகுதியை அளக்கும் கோல் யார் கையில்?

கூடைப்பந்து பார்க்கும் நம் மாணவத் தோழர்கள் ஆண்டுதோறும் ஒரு சண்டை போடுகிறார்கள். என்.பி.ஏ.வின் எம்.வி.பி. விருது யாருக்குப் போயிருக்க வேண்டும்? அதிகப் புள்ளி எடுத்தவருக்கா, அதிக ஆட்டங்களை வென்ற அணியின் வீரருக்கா? விளையாட்டுப் பேச்சுதானே என்று நாங்கள் ஒதுங்குவதில்லை. 'தகுதி', 'திறமை' என்று சொல்லியே நம்மை வாசலில் நிறுத்திய சமூகம் இது. எங்கே தகுதி அளக்கப்பட்டாலும் அளவுகோலை வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.

1961-62 பருவத்தை எடுத்துக்கொள்வோம். பிலடெல்பியா வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளிகள் எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100. சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் சராசரி பத்தைத் தாண்டினார். பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் எடுத்தது 18.9 புள்ளிகள். விருது ரஸ்ஸலுக்குப் போனது. மூவருமே கறுப்பின வீரர்கள்.

சேம்பர்லினுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று இன்றும் வாதாடுகிறார்கள். நாங்கள் உடன்படவில்லை. ரஸ்ஸலின் பெரிய வேலை எதிரணி எறியும் பந்தைத் தடுப்பது. அந்தத் தடுப்புகளை என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74இல்தான். ரஸ்ஸல் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய தலைசிறந்த உழைப்புக்கு அன்றைய கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை. ஆனால் 13 பருவங்களில் 11 முறை அவருடைய அணி கோப்பையை வென்றது.

புத்தகத்தில் இல்லாததைப் பார்த்தது யார்? அன்று எம்.வி.பி.க்கு வாக்களித்தவர்கள் வீரர்கள். சொந்த அணிக்காரருக்கு வாக்களிக்கக் கூடாது என்பது விதி. அதாவது, ரஸ்ஸலிடம் பந்தைப் பறிகொடுத்தவர்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்ததோ பத்திரிகையாளர்கள். 1958இல் வீரர்கள் ரஸ்ஸலை எம்.வி.பி. ஆக்கினார்கள், அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். அதே ஆண்டு பத்திரிகையாளர்கள் அவரை இரண்டாம் அணியில் வைத்தார்கள். முதல் அணியின் ஐந்து பேரும் வெள்ளையர்கள்.

எல்லாவற்றையும் நிறத்தில் கொண்டுபோய்க் கட்டவும் முடியாது. 1962இல் அதே பத்திரிகையாளர்கள் ரஸ்ஸலுக்கு மேலே வைத்தது சேம்பர்லினை, அவரும் கறுப்பினத்தவர். அங்கே புள்ளிக் கணக்குக்கும் பங்கிருக்கும். ஆனால் ஐந்து இடங்களில் ஒன்றுகூட அந்த ஆண்டின் எம்.வி.பி.க்கு இல்லை என்பதை எந்தக் கணக்கு விளக்கும்?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்த 1961-62 பருவம் தொடங்கும் முன், கென்டக்கியின் லெக்சிங்டனில் ஒரு விடுதிச் சிற்றுண்டிக்கடை செல்டிக்ஸின் கறுப்பின வீரர்களுக்கு உணவு தர மறுத்தது. ரஸ்ஸலும் தோழர்களும் அன்றைய ஆட்டத்தைப் புறக்கணித்து ஊர் திரும்பினார்கள். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. விருது கொடுத்த நாடு ஒரு கோப்பை காபி கொடுக்கவில்லை.

1980-81 முதல் எம்.வி.பி. வாக்கும் ஊடகத்தாரிடம் போய்விட்டது. வீரர்கள் வாக்களித்தால் எப்போதும் நியாயம் கிடைக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. எது எண்ணப்படுகிறது, எது எண்ணப்படவில்லை, எண்ணுகிறவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் 'தகுதியானவர்' என்ற சொல்லை ஏற்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம். நுழைவுத்தேர்வுத் தரவரிசையைக் காட்டி யாராவது உங்களிடம் தகுதி பேசினாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

நம் இயக்கங்களுக்குள்ளும் கேளுங்கள். மேடையில் முழங்குகிறவருக்கு மாலை விழுகிறது. வீடு வீடாகப் போய் ஆள் திரட்டிய பெண்ணின் பெயர் நோட்டீசில் இருப்பதில்லை. அவருடைய உழைப்பை எண்ண நாம் இன்னும் தொடங்கவில்லை. அடுத்த கூட்டத்திலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்!